பூந்தமல்லியில் தொடங்கும் கடல்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் நான்காவது வழித்தடம் மெரினாவின் கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லி பைபாஸில் முடிகிறது. நீளம் 26.1 கிலோமீட்டர். காணும் பொங்கலன்று கட்டுச்சோறும் குழந்தைகளுமாகப் பேருந்தில் நின்றுகொண்டே கடற்கரைக்குப் போய்வந்த எங்கள் பூந்தமல்லி ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் பழைய வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதில் மனிதர்கள் போவதில்லை. நாம் கழித்துவிட்ட நீர் போகிறது.

ஊருக்கு வடக்கே, திருவேற்காட்டை ஒட்டிக் கூவம் ஓடுகிறது. அது மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று வளைந்து வளைந்து போய், நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. ஊருக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் குன்றத்தூர் வழியாக இறங்கித் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் கலந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலை அடைகிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடைப்பட்ட மணல்தான் மெரினா. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, மாங்காடு, போரூர் ஆகிய மேற்குப் புறநகர் ஊர்களின் வடிகால்நீர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கடைசியில் மெரினாவின் வட கோடியிலோ தென் கோடியிலோ போய் நிற்கும்.

கடற்கரையின் தரத்தைப் பற்றிய அத்தியாயத்தைக் கடலே இல்லாத ஊரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான். மெரினா அலையில் கால் நனைக்கும் குழந்தைக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு வருமா வராதா என்பதில், கரையில் குப்பை பொறுக்குபவரைவிட இருபது முப்பது கிலோமீட்டர் மேற்கே வீடு கட்டியிருக்கும் நமக்குத்தான் பங்கு அதிகம்.

சில ஆண்டுகளாக நம் செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படும் பெயர் ‘நீலக்கொடி’. 1985-ல் பிரான்சின் கடலோர ஊராட்சிகளில் தொடங்கிய திட்டம் அது. 1987-ல் ஐரோப்பா முழுவதற்கும் விரிந்தது. 2001-ல் தென்னாப்பிரிக்கா சேர்ந்தபோது ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாகக் காலடி வைத்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்விக்கான அறக்கட்டளை இதை நடத்துகிறது. மொத்தம் 33 அளவுகோல்கள்: சுற்றுச்சூழல் கல்வி, நீரின் தரம், கரைப் பராமரிப்பு, பாதுகாப்பும் வசதிகளும் என்று நான்கு பிரிவுகள். சான்று ஒரு பருவத்துக்கு மட்டுமே செல்லும். அடுத்த பருவத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்; தவறினால் கொடியை இறக்க வேண்டும்.

இந்தியாவில் 2020 அக்டோபரில் எட்டுக் கடற்கரைகளுக்கு இந்தக் கொடி கிடைத்தது. குஜராத்தின் சிவராஜ்பூர், கேரளத்தின் காப்பாடு, ஒடிசாவில் பூரியின் தங்கக் கடற்கரை, விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டா, அந்தமானின் ராதாநகர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டின் முறை 2021 செப்டம்பரில் வந்தது. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டி இருக்கும் கோவளத்துக்கும், புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கும் ஒரே நேரத்தில் கொடி ஏறியது. அதன் பிறகு மெரினாவின் ஒரு பகுதியையும் இந்தத் தகுதிக்குக் கொண்டுவர மாநகராட்சி பணிகளைத் தொடங்கி, மூங்கில் நிழற்குடைகளும் சாய்நாற்காலிகளும் போட்டது.

குடையும் நாற்காலியும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. கட்டணம் இல்லாமல் ஏழைக் குடும்பம் ஒரு மாலைப் பொழுதை நிழலில் கழிக்க முடிந்தால் அது நல்ல செலவுதான். ஆனால் 33 அளவுகோல்களில் பெரும்பாலானவற்றைப் பணம் கொடுத்து ஓராண்டில் நிறைவேற்றிவிடலாம். கழிப்பறை கட்டலாம், சாய்தளம் போடலாம், உயிர்காப்பாளர்களை நியமிக்கலாம், தகவல் பலகை வைக்கலாம். நீரின் தரம் அப்படிப்பட்டதல்ல. அதைக் கரையில் நின்றுகொண்டு யாராலும் வாங்க முடியாது.

நீலக்கொடி நீரில் எதை எண்ணுகிறது? இரண்டு வகைப் பாக்டீரியாக்களை. ஒன்று ஈ.கோலை, 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்து விவரித்தது. மற்றொன்று குடல்வாழ் என்டரோகாக்கை. 100 மில்லிலிட்டர் கடல்நீரில், அதாவது அரை டம்ளர் நீரில், ஈ.கோலை 250-க்கும் என்டரோகாக்கை 100-க்கும் மேல் இருக்கக் கூடாது. ஒரே ஒரு நாள் அந்த அளவுக்குள் வந்தால் போதாது. எடுத்த மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். இரண்டு மாதிரிகளுக்கு இடையே 31 நாட்களுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டுக் குளியல்நீர் உத்தரவில் ‘மிகச் சிறப்பு’ என்ற நிலைக்கு வகுத்த அளவும் இதுவே.

இந்த இரண்டு பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நமக்கு நோய் தருபவை அல்ல. நம் எல்லோருடைய குடலிலும் அவை கோடிக்கணக்கில் வாழ்கின்றன. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கிருமிகள்தான் நாம் அஞ்ச வேண்டியவை. ஆனால் அவை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கடற்கரையிலும் தேடிக்கொண்டிருக்க முடியாது. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. தேடும் முறையும் செலவு மிகுந்தது. ஈ.கோலை இருக்கிறது என்றால் இந்த நீரில் அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்திருந்தால், நோயாளி ஒருவரின் மலமும் அதில் இருந்திருக்கலாம். சுட்டுயிரிகள் என்று இவற்றை அழைப்பது இதனால்தான்.

இந்த எண்களை யாரும் குத்துமதிப்பாக வைக்கவில்லை. விக்டர் காபெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் நியூயார்க், பாஸ்டன் முதலான இடங்களில் கடற்கரைக்கு வந்தவர்களின் உடல்நிலையைச் சில நாட்கள் கழித்து விசாரித்தார். தலை நனையக் குளித்தவர்களையும் கரையிலேயே இருந்தவர்களையும் ஒப்பிட்டார். கடல்நீரைப் பொறுத்தவரை, குளித்தவர்களின் வயிற்றுக் கோளாறு எந்தப் பாக்டீரியாவின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுகிறது என்று பார்த்தபோது என்டரோகாக்கை முதலிடம் பெற்றது. பிரிட்டனில் டேவிட் கே தலைமையிலான குழு இன்னும் ஒரு படி மேலே போனது. 1,216 பெரியவர்களைத் திரட்டி, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைக் குறைந்தது பத்து நிமிடம் கடலில் இறக்கி, மும்முறை முழுகச் செய்தது. மறு பாதியினர் கரையில் இருந்தார்கள். 1994-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அந்த முடிவின்படி, 100 மில்லிலிட்டரில் இந்த வகைப் பாக்டீரியா 32-ஐத் தாண்டியதும் வயிற்றுக் கோளாறு கூடத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட குளியல்நீர் வழிகாட்டிக்கு இந்த ஆய்வே முதுகெலும்பு. அந்த வழிகாட்டியின் கணக்கில் என்டரோகாக்கை 40-க்குள் இருந்தால் நூறு குளியலில் ஒருவருக்குக்கூட வயிறு கெடாது. 500-ஐத் தாண்டினால் பத்துக்கு ஒருவர் என்பதற்கும் மேலே போய்விடும்.

குளிர்நாட்டுக் கடலில் எடுத்த எண்கள் வங்கக் கடலுக்குப் பொருந்துமா என்று ஒரு நியாயமான கேள்வி உண்டு. ஹவாய்த் தீவுகளில் ரோஜர் ஃபுஜியோகா நடத்திய ஆய்வுகள், வெப்பநாட்டு மண்ணில் இந்தச் சுட்டுயிரிகள் மலத்தின் உதவி இல்லாமலே பெருகக் கூடியவை என்று காட்டின. மழை அந்த மண்ணை அடித்துக்கொண்டு வந்தால், சாக்கடை கலக்காத ஓடையிலும் எண்ணிக்கை ஏறிவிடும். நம் ஊரின் சூட்டிலும் ஈரத்திலும் இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது. எனவே நமக்கென்று ஆய்வுகள் தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கூவத்தின் வாயில் நின்றுகொண்டு இந்த நுணுக்கத்தைப் பேசுவது பொருத்தமாக இராது. அங்கே வருவது மண் கழுவிய நீர் அல்ல என்பதைச் சொல்ல மூக்கே போதும்.

இந்தியாவுக்கும் சொந்த அளவு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலோர நீரை ஐந்து வகைகளாகப் பிரித்திருக்கிறது. இரண்டாம் வகை, குளியலுக்கும் நீர் விளையாட்டுக்கும் உரியது. அதில் மலக்கோலிபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 100; கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது; பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈ.கோலையும் மலக்கோலிபார்ம் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், கண்டிப்பில் இது நீலக்கொடியின் அளவுக்கு இளைத்ததல்ல. நமக்குக் குறை விதியில் இல்லை. அளந்த எண் கடற்கரைக்கு வந்தவரின் கண்ணில் படுவதில்லை என்பதே குறை. நீலக்கொடியின் அளவுகோல்களில் நான் மிகவும் மதிப்பது, நீர்ப் பரிசோதனை முடிவைக் கரையிலேயே பலகையில் ஒட்ட வேண்டும் என்ற சின்ன விதியைத்தான்.

மாதிரி எடுப்பது எளிய வேலைபோலத் தோன்றும். உண்மையில் அதில் பல கண்டிப்புகள் உண்டு. கிருமிநீக்கம் செய்த பாட்டிலோடு இடுப்பளவு நீரில் இறங்கி, மேற்பரப்பிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நீரைப் பிடிக்க வேண்டும். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துக் கணக்குக் குறைந்துவிடும். எனவே ஐஸ் பெட்டியில் இருட்டில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே 0.45 மைக்ரான் துளைகள் கொண்ட மெல்லிய வடிதாளில் நீரை ஊற்றி உறிஞ்சுவார்கள். பாக்டீரியா தாளின் மேலேயே தங்கிவிடும். அந்தத் தாளை ஊட்டப் பொருள் தடவிய தட்டில் வைத்து, மலக்கோலிபார்முக்கு 44.5 பாகை வெப்பத்தில் ஒரு நாள் காப்பார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். புள்ளிகளை எண்ணினால் முடிவு. அதாவது இன்று காலை எடுத்த நீரின் கதை நாளை காலைதான் தெரியும். அதற்குள் ஓதம் ஏறி இறங்கி, வேறு நீர் வந்திருக்கும். எந்தக் கடற்கரைப் பலகையும் நேற்றைய நீரைப் பற்றியே பேசுகிறது. அதனால்தான் ஒரு நாள் முடிவைவிடப் பல மாதங்களின் வரிசை முக்கியமாகிறது.

கடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அதில் பாதி உண்மை. நல்ல வெயிலும் தெளிந்த நீரும் இருந்தால், கடலில் விழுந்த ஈ.கோலையில் பத்தில் ஒன்பது பங்கு சில மணி நேரத்தில் அழிந்துவிடும். சூரியனின் புறஊதாக் கதிர், உப்பு, கடலில் வாழும் நுண்ணுயிர்களின் வேட்டை என மூன்றும் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஆனால் இரவில் கதிர் இல்லை. கலங்கல் நீரில் கதிர் உள்ளே இறங்காது. என்டரோகாக்கை உப்பை ஈ.கோலையைவிட நன்றாகத் தாங்கும். வைரஸ்கள் இரண்டையும் மிஞ்சிப் பல நாள் இருக்கக் கூடியவை. ஈரமணலில் புதைந்த பாக்டீரியாவுக்கு நிழலும் உணவும் கிடைக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் புதுப்பித்த வழிகாட்டியில் நீரோடு மணலையும் சேர்த்துப் பேசியது இதனால்தான். அலைக்குப் பயந்து மணல்வீடு மட்டும் கட்டும் குழந்தையும் இந்தக் கணக்கில் வருகிறது.

இப்போது ஒரு கழித்தல் கணக்கு. வீட்டுச் சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை மலக்கோலிபார்ம் இருக்கும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்து லட்சத்தை 100-ஆக இறக்க ஒவ்வொரு லிட்டரையும் பத்தாயிரம் லிட்டர் தூய நீரில் கலக்க வேண்டும். 6,000 லிட்டர் கொள்ளும் ஒரு கழிவுநீர் லாரி தன் சுமையை ஆற்றில் திறந்துவிட்டால், அதை மட்டும் நீர்க்கச் செய்ய ஆறு கோடி லிட்டர் நல்ல நீர் வேண்டும்.

கூவத்தில் அந்த நல்ல நீர் எங்கே? கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிவதாகச் சொல்லப்படும் இந்த ஆற்றுக்கு, மழைக்காலம் தவிர மேலிருந்து வரத்து மிகக் குறைவு. வரும் வெள்ளத்தையும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்துப் புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறோம். சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. 3.6 டி.எம்.சி.க்குச் சற்று மேல் கொள்ளும் அந்த ஏரி நகரின் உயிர்நாடி. ஆனால் விளைவைப் பாருங்கள்: பூந்தமல்லிக்கு மேற்கே நல்ல நீரை எடுத்துக்கொண்டு, கிழக்கே கழிவுநீரை விடுகிறோம். கோடையில் திருவேற்காட்டுப் பாலத்தின் கீழே ஓடுவதில் பெரும்பகுதி ஆறே அல்ல.

2022-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, பி.ஓ.டி. அளவில் இந்தியாவிலேயே மிக மோசமானதாக வந்தது கூவம். ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதி. லிட்டருக்கு 345 மில்லிகிராம். அடுத்த இடத்தில் இருந்த சபர்மதிக்கு 292. பி.ஓ.டி. என்பது நீரில் உள்ள கழிவைச் சிதைத்து முடிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. நம் வெப்பநிலையில் ஆற்றுநீரில் கரைந்து நிற்கக் கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழு எட்டு மில்லிகிராம்தான். 345 கேட்கும் நீரில் மீன் எப்படி வாழும்? குளிப்பதற்கான எல்லை 3. அதைப்போல் 115 மடங்கு. சாதாரண வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. 200 முதல் 300 வரை இருக்கும் என்பதை நினைவில் கொண்டால், அந்த மாதிரி எடுத்த இடத்தில் ஆறு சாக்கடையைவிடக் கெட்டியாக இருந்தது என்றாகிறது. அந்தப் பகுதியின் தொடக்கம் ஆவடி என்பதை மேற்குப் புறநகரில் வாழும் எவரும் எளிதில் கடந்துபோகக் கூடாது.

இந்த நீர் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கடலில் கலப்பதும் இல்லை. சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வரத்து இல்லாத ஆற்றின் வாயில் அந்த மணல் திட்டாகப் படிந்து அடைத்துவிடும். மெரினாவின் அகலத்துக்கும் இதே மணல் நகர்வுதான் காரணம். 1870-களின் நடுவில் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும், வடக்கே போக வேண்டிய மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அந்தக் கரையில் நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அதே சுவர்களால் வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்தது தனிக் கதை. அங்கே வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு அது இன்றும் முடியாத கதை.

வாய் அடைபட்ட ஆற்றில் கழிவு மாதக் கணக்கில் தேங்கி, அடியில் கறுத்த சேறாகப் படிகிறது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருவெள்ளம் திட்டை உடைத்து எல்லாவற்றையும் ஒரே தள்ளலில் கடலுக்குள் கொட்டுகிறது. 2019 நவம்பர் இறுதியில் அப்படி ஒரு மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கத்திலிருந்து மெரினா வரை கரையெங்கும் வெண்ணுரை பொங்கிக் குவிந்தது. பனி விழுந்ததுபோல் இருந்ததால் குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள். பெரியவர்கள் அதில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சோப்பும் சலவைத்தூளும் கலந்த, சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை அடையாறு கடலுக்குள் தள்ள, அலை அதைக் கடைந்து நுரையாக்கியிருந்தது. மீனவர்களிடம் அந்தப் பகுதியில் மீன் பிடிக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அவர்கள் அந்த நுரையில் ஒரு குமிழியைக்கூட உண்டாக்கியவர்கள் அல்ல.

மெரினாவில் குளிக்கப் போலீஸ் தடை விதிப்பதும், காணும் பொங்கலன்று தடுப்புக் கட்டுவதும் உயிரிழப்பைத் தடுக்க. அங்கே அடி இழுப்பு பலமானது. ஒவ்வோர் ஆண்டும் இளம்பிள்ளைகளைக் காவு வாங்குகிறது. தடை நியாயமானது. ஆனால் அந்தத் தடை இருப்பதாலேயே நீரின் தரத்தைப் பற்றிய கேள்வி எழாமல் போகிறது. குளிக்கக் கூடாத இடத்தில் குளியல்நீரின் தரம் எதற்கு என்று எண்ணிவிடுகிறோம். முழங்கால் அளவு நீரில் நிற்கும் ஆயிரக்கணக்கானோர் மீது அலை அடித்து வாயில் உப்பு கரிக்கத்தான் செய்கிறது.

சரி, எங்கள் ஊரிலிருந்து இது எப்படிப் போகிறது? மேற்குப் புறநகரில் வீடுகள் பெருகிய வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. இணைப்பு இல்லாத வீட்டுக்கு ஒரே வழி செப்டிக் டேங்க். அது செய்யக் கூடியது கொஞ்சம்தான். கெட்டிக் கழிவு அடியில் தங்கும், பி.ஓ.டி. மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறையும். கிருமிகள் ஏறக்குறைய அப்படியே வெளியே வரும். மீதி வேலையை மண் செய்ய வேண்டும். அதற்காகத்தான் தொட்டிக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழி. ஆனால் எங்கள் பக்கத்து மனைகளில் பல, பழைய ஏரிப் படுகையிலும் தாங்கலிலும் போடப்பட்டவை. களிமண், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது. கொத்தனாரோ பிளம்பரோ சொல்லும் தீர்வு எல்லாத் தெருவிலும் ஒன்றே: தொட்டியின் வெளிக்குழாயைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டுவிடுங்கள். அன்று மாலையே வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும். வடிகால் கால்வாயில் சேரும், கால்வாய் ஆற்றில் சேரும்.

குழாய் விடாதவர்கள் லாரியை அழைக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியைக் காலி செய்வதுதான் முறை. பெரும்பாலோர் பொங்கி வழிந்த பிறகே அழைக்கிறோம். லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்பவர் அரிது. தமிழ்நாடு அரசு 2014-லேயே மலக்கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உரிமம் பெற்ற லாரி, குறித்த நீரேற்று நிலையத்திலோ சுத்திகரிப்பு நிலையத்திலோதான் கொட்ட வேண்டும். வழி நெடுக நெரிசலில் நின்று, வரிசையில் காத்திருந்து, டீசலும் நேரமும் செலவழித்துத்தான் அங்கே போய்ச் சேர முடியும். நாமோ ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்கிறோம். அந்த ஐம்பது ரூபாய்ப் பேரத்தில்தான் லாரி இரவில் ஏரிக்கரைக்குத் திரும்புகிறது. ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் விலகிக்கொள்வது சரியாகாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: எந்தக் காரணத்துக்காகவும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அப்படி இறக்கியதால் நேர்ந்த சாவுகள் நம் புறநகர்களுக்குப் புதிதல்ல.

செய்ய முடியாத வேலை அல்ல இது. மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழி என்ற சிறிய பேரூராட்சியில் 2017-லேயே மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. கோயம்பேட்டில் நகரின் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். 2019 முதல் நடக்கும் ஏற்பாடு அது. நகரத்தின் கழிவுநீர் சுத்தமாகி மேற்கே போகும்போது, மேற்கின் கழிவுநீர் அழுக்காகவே கிழக்கே போவதை நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

பாரிஸ் நகரத்தில் செய்ன் ஆற்றில் குளிக்க 1923-ல் தடை போட்டார்கள். 2024 ஒலிம்பிக்கை முன்னிட்டு ஏறக்குறைய 140 கோடி யூரோ செலவழித்தார்கள். பணத்தின் ஒரு பகுதி மழைக்கால வெள்ளத்தைத் தேக்க ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்துக்கு அருகே கட்டிய 50,000 கன மீட்டர் நிலத்தடித் தொட்டிக்குப் போனது. இன்னொரு பகுதி நகரத்துக்கு வெளியே, ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில், கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் தவறாக இணைத்திருந்த ஆயிரக்கணக்கான வீடுகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதற்குச் செலவாயிற்று. அப்படியும் ஒலிம்பிக்கின்போது பெய்த மழையால் எண்ணிக்கை ஏறி, ஆண்கள் டிரையத்லான் போட்டியை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். 2025 ஜூலையில் பொதுமக்கள் அந்த ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். பாரிஸ் காட்டியது, ஆற்றின் கீழ்முனையில் குளிக்க வேண்டுமானால் மேல்முனையில் வீடு வீடாகப் போய்க் குழாயைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான்.

கோவளத்துக்குக் கொடி கிடைத்ததை நான் சிறுமையாக எண்ணவில்லை. ஒரு மீனவக் கிராமத்தின் கரையில் மாதந்தோறும் நீர் எடுத்து அளக்கிறார்கள் என்பது பெரிய மாற்றம். ஆனால் அந்த வெற்றியை அப்படியே மெரினாவுக்குப் பிரதி எடுக்க முடியாது. கோவளத்தின் மேல்பக்கத்தில் ஆவடியும் அம்பத்தூரும் இல்லை. மெரினாவுக்குக் கொடி வாங்கும் திட்டத்தில் செலவின் முதல் ரூபாய் மணலில் விழக் கூடாது. திருவேற்காட்டிலும் பருத்திப்பட்டிலும் நொளம்பூரிலும் ஆற்றில் திறக்கும் குழாய்களை அடைப்பதற்கு விழ வேண்டும். இது என் தீர்ப்பு. இதற்கு மாறான கணக்கு எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் எங்கள் பக்கத்தவர் என்றால் உங்களால் ஆகக் கூடியவை சில உண்டு. உங்கள் வீட்டுத் தொட்டியின் வெளிக்குழாய் எங்கே முடிகிறது என்று இந்த வாரமே பாருங்கள். வடிகாலில் முடிந்தால் அதை மாற்றுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு தெருவுக்கு வந்திருந்தால் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். லாரியை அழைத்தால் உரிமத்தைக் கேளுங்கள், கொட்டும் இடத்தைக் கேளுங்கள், அதற்கு உரிய கூலியைக் கொடுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: கோவளத்தில் ஒட்டும் அதே நீர்ப் பரிசோதனைத் தாளை மெரினாவில், நேப்பியர் பாலத்தில், திருவேற்காட்டுப் பாலத்தில் மாதம் ஒரு முறை எல்லோரும் படிக்கத் தமிழில் ஒட்ட வேண்டும்.